கழியூதாவுக்குப் பின்: பற்றீரியா தன் டீ.என்.ஏ.யைத் திருத்தும் வழிகள்

திருகோணமலையில் கிணற்றுத் தண்ணீரோ குழாய்த் தண்ணீரோ, வடியைத் தாண்டி வரும் இடத்தில் ஒரு யூ.வீ. (கழியூதா) குழல் பூட்டிய வீடுகளும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விடுதிகளும் பல. அந்தக் குழலைப் பற்றி வழக்கமாகச் சொல்லப்படுவது ஒரே வசனம்: கிருமி முழுக்கச் செத்துப்போகும். அதில் பாதிதான் சரி. குளோரீனைப் போலக் கழியூதா ஒளி பற்றீரியாவின் உறையை அரிப்பதில்லை. கொதிநீரைப் போலப் புரதத்தைத் திரைய வைப்பதுமில்லை. குழலைக் கடந்து வந்த கலம் தொடர்ந்து சுவாசிக்கும், சக்தி ஆக்கும், நீந்தவும் கூடும். அது இழப்பது தன் டீ.என்.ஏ.யைப் பிரதி எடுக்கும் திறனை. அந்தத் திறனை மீட்டுக்கொண்டால் மறுபடி பெருகும். ஆகவே விளக்கு எவ்வளவு சேதம் செய்கிறது என்று மட்டும் பார்த்தால் கணக்கு முடியாது. அதில் எவ்வளவைப் பற்றீரியா திருத்திவிடும் என்பதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் விளக்கின் உண்மையான வலு.

சேதம் எப்படிப்பட்டது

வீட்டுக் குழல்களில் இருப்பது பெரும்பாலும் தாழ்ந்த அமுக்க இரச ஆவி விளக்கு. அதன் கழியூதா ஒளியில் பெரும்பங்கு 254 நனோமீற்றரில் வருகிறது. டீ.என்.ஏ. மிக அதிகமாக உறிஞ்சுவது 260 நனோமீற்றரை அண்டிய ஒளியை. இரண்டும் இவ்வளவு நெருங்கி அமைந்திருப்பதால்தான் இந்த மலிவான விளக்கு இத்தனை வேலை செய்கிறது.

டீ.என்.ஏ. இழையில் அதன் எழுத்துகளில் ஒன்றான தைமின் இரண்டு அடுத்தடுத்து நிற்கும் இடத்தில் ஒளி உறிஞ்சப்பட்டால், அவற்றின் ஐந்தாம், ஆறாம் காபன்கள் ஒன்றோடொன்று பிணைந்து நான்கு மூலை வளையம் ஒன்று உருவாகும். இதுவே சைக்குளோபியூட்டேன் இருபகுதியம். தைமினும் இன்னோர் எழுத்தான சைற்றோசினும், இரண்டு சைற்றோசின்களும்கூட இப்படிப் பிணையலாம். தைமின் சோடியில்தான் அதிகம். இன்னொரு வகை, ஒன்றின் ஆறாம் காபனும் மற்றதன் நான்காம் காபனும் இணையும் 6-4 விளைபொருள். மொத்தச் சேதத்தில் முக்கால் பங்களவு முதல் வகை. மீதியில் பெரும்பகுதி இரண்டாம் வகை. எண்ணிக்கையில் குறைந்தாலும் 6-4 விளைபொருள் இழையை மிக மோசமாக வளைக்கிறது.

இழை அறுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எழுத்துகள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன. இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டதால் பிரதி எடுக்கும் பொலிமரேசு அந்த இடத்தில் முட்டி நின்றுவிடுகிறது.

குடலில் வாழும் ஈ.கோலை பற்றீரியாவின் நிறமூர்த்தத்தில் ஏறத்தாழ 46 இலட்சம் காரச் சோடிகள் உள்ளன. 254 நனோமீற்றர் ஒளி சதுர மீற்றருக்கு 1 யூல் விழுந்தால் அதில் சுமார் 60 இருபகுதியங்கள் தோன்றும். திருத்தும் வழிகள் அனைத்தும் உள்ள கே-12 வகையில் சுமார் 50 யூல் வரை கொடுத்தும் மூன்றில் ஒரு பங்கு கலங்கள் பிழைக்கின்றன. அதாவது ஏறத்தாழ 3,000 பழுதுகளை ஒரு கலம் சமாளித்துவிடுகிறது. வெட்டித் திருத்தும் நொதியம், மீளிணைக்கும் நொதியம் ஆகிய இரண்டையும் இழந்த விகாரியைச் சாகடிக்கச் சதுர மீற்றருக்கு 0.02 யூல் போதும். ஒன்று அல்லது இரண்டு இருபகுதியங்கள். 2,500 மடங்கு வித்தியாசம். பற்றீரியாவைக் கழியூதாவிலிருந்து காப்பது அதன் தோலோ உறையோ அல்ல, திருத்தும் நொதியங்கள்தான் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

வெயில் வேறு கதை. 254 நனோமீற்றர் ஒளி ஓசோன் படையைத் தாண்டிக் கடற்கரைக்கு வருவதேயில்லை. வருவது 290 நனோமீற்றருக்கு மேற்பட்டது. திருகோணமலையில் ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும்; கழியூதாச் சுட்டி 11 ஐத் தாண்டும் காலம் அது. அப்போதும் இருபகுதியம் உண்டாவது 280 முதல் 315 நனோமீற்றர் வரையான சிறு பட்டையால், அதுவும் விளக்கைவிட மிகக் குறைந்த திறனோடு. அதனால்தான் கொட்டியாரக்குடாவின் மேல்நீரில் மிதக்கும் பற்றீரியாக்கள் பகல் முழுவதும் வெயிலில் கிடந்தும் வாழ்கின்றன. சேதமும் திருத்தமும் அங்கே கூடவே நடக்கின்றன. கிண்ணியாவிலும் மூதூரிலும் மணலில் காயும் கருவாட்டில் கிருமி அடங்குவதற்கும் கழியூதா பெரிய காரணமில்லை. அந்த ஒளி மீனின் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே போகாது. உப்பும் நீர் வற்றுவதும்தான் அந்த வேலையைச் செய்கின்றன.

ஒளியாலேயே திருத்துவது

1949 இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வுகூடத்தில் அல்பேட் கெல்னர் ஸ்ரெப்ரோமைசிசு என்னும் பற்றீரியாவின் வித்திகளுக்குக் கழியூதா காட்டி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணிக்கொண்டிருந்தார். ஒரே அளவு ஒளிக்கு எண்ணிக்கை ஒரு நாளைக்கு ஒரு மாதிரி வந்தது. வெப்பநிலைதான் காரணம் என்று தேடியவர் கடைசியில் கண்டது, மாதிரிகள் மேல் விழுந்த சாதாரண வெளிச்சத்தை. அதே ஆண்டில் ரெனாட்டோ டல்பெக்கோ, பற்றீரியாவைத் தாக்கும் வைரசுகளில் இதையே கண்டார்: சாதாரண வெள்ளைக் குழல் விளக்கின் கீழ் அடுக்கி வைத்த தட்டுகளில் மேல்தட்டில் அதிகம் பிழைத்திருந்தன, கீழ்த்தட்டில் குறைவு.

இதற்குப் பொறுப்பான நொதியம் போட்டோலயேசு. ஒரு ஈ.கோலை கலத்தில் இது 10 முதல் 20 மூலக்கூறுகள்தான் இருக்கும். இருட்டிலேயே இருபகுதியத்தைத் தேடிப் பிடித்து, அதை இழையிலிருந்து வெளியே புரட்டித் தன் குழிக்குள் வைத்துக்கொள்ளும். பிறகு வெளிச்சத்துக்குக் காத்திருக்கும். நொதியத்தில் இரண்டு நிறப்பொருள்கள் உள்ளன. போலேற் வகையான ஒன்று 350 முதல் 450 நனோமீற்றர் வரையான ஒளியைப் பிடித்து, அந்தச் சக்தியை மற்றதான பிளேவினுக்குக் கைமாற்றும். பிளேவின் ஓர் இலத்திரனை இருபகுதியத்துக்குக் கொடுக்கும், வளையம் அறும், இலத்திரன் பிளேவினுக்கே திரும்பி வரும். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு நனோசெக்கனுக்குள் முடிந்துவிடும் வேலை. எதையும் வெட்டுவதில்லை, புதிதாக எதையும் நிரப்புவதில்லை, ஆகவே பிழை விழ இடமுமில்லை.

இதன் குறை, இது சைக்குளோபியூட்டேன் வளையத்தை மட்டுமே அறுக்கும் என்பது. 6-4 விளைபொருளுக்கு வேறொரு போட்டோலயேசு வேண்டும், ஈ.கோலையிடம் உள்ளது அந்த வேலைக்கு உதவாது. இன்னொரு குறை, ஒளி இல்லாவிட்டால் கடைசிப் படி நடக்காது. ஆனால் இருட்டிலும் அது சும்மா இருப்பதில்லை: பழுதைப் பிடித்துக்கொண்டு நிற்கும் போட்டோலயேசு, அடுத்து வரும் வெட்டும் நொதியங்களின் வேலையை விரைவாக்குகிறது.

எல்லாப் பற்றீரியாவுக்கும் இந்த நொதியம் கிடையாது. வாந்திபேதியை உண்டாக்கும் விப்ரியோ கொலரேயிடம் உண்டு. பசில்லஸ் சப்டிலிஸிடம் இல்லை. ஆனால் பசில்லஸ் வித்திக்குத் தனி உபாயம் இருக்கிறது. வித்திக்குள் டீ.என்.ஏ.யைச் சிறு புரதங்கள் இறுகச் சுற்றி அதன் வடிவத்தையே மாற்றிவிடுவதால், வழக்கமான இருபகுதியத்துக்குப் பதிலாக வித்திக்கே உரிய ஒரு தைமின் இணைப்பு உண்டாகும். வித்தி முளைக்கும் வேளையில் அதற்கென்றே உள்ள நொதியம் இருட்டிலேயே அதைப் பிரித்துவிடும்.

வெட்டி எடுத்து நிரப்புவது

வெளிச்சம் கிடைக்காத குழாய்க்குள் கலம் நம்பியிருப்பது வெட்டித் திருத்தலை. 1964 இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இதைக் கண்டன. கழியூதா பட்ட ஈ.கோலையின் நீண்ட இழைகளிலிருந்து இருபகுதியங்கள் மறைந்து, சிறு துண்டுகளோடு வேறாக வெளியே வந்திருந்தன.

வேலை இப்படி நடக்கிறது. யூவீஆர்-ஏ புரதம் இரண்டும் யூவீஆர்-பி புரதமும் சேர்ந்து இழை நெடுகத் தேடிப் போகும். அவை பார்ப்பது இருபகுதியத்தின் உருவத்தை அல்ல, இழையில் ஏற்பட்ட வளைவையும் தளர்வையும். ஆகவே கழியூதாவின் இரு வகைச் சேதங்களும், வேறு பல இரசாயனங்களின் சேதமும் இதே வலையில் அகப்படும். அதிகம் வளைந்த 6-4 விளைபொருள் முதலில் அகப்படும். சந்தேகமான இடம் வந்ததும் யூவீஆர்-ஏ விலகிப் போக, யூவீஆர்-பி இரண்டு இழைகளுக்கும் நடுவே தன் கொண்டை ஊசி போன்ற பகுதியை நுழைத்துப் பழுது உண்மையில் எந்த இழையில் என்று உறுதி செய்யும். இந்த இரண்டாம் சோதனை இல்லாவிட்டால் நல்ல டீ.என்.ஏ.யையும் வெட்டிக்கொண்டிருக்கும்.

பிறகு யூவீஆர்-சி வந்து இரண்டு வெட்டு வெட்டும். இழையின் இரு முனைகளை 5', 3' என்பார்கள். முதல் வெட்டு பழுதின் 3' பக்கம், நாலைந்து பிணைப்புகள் தள்ளி. அடுத்தது 5' பக்கம், எட்டாவது பிணைப்பில். நடுவில் அகப்படுவது 12 அல்லது 13 நியூக்கிளியோத்தைட்டு நீளத் துண்டு. யூவீஆர்-டி என்னும் எலிக்கேசு அந்தத் துண்டை உரித்து எறியும். எதிர் இழையைப் பார்த்துப் பொலிமரேசு 1 இடைவெளியை நிரப்ப, இலிகேசு கடைசி ஒட்டைப் போடும்.

எதிர் இழை நன்றாக இருக்க வேண்டும் என்பதே இந்த முறையின் நிபந்தனை. அளவு மிகும்போது இரண்டு இழைகளிலும் கிட்டக்கிட்டப் பழுது விழும்; அப்போது பார்த்து எழுத மூலமில்லை. இன்னொரு நிபந்தனை சக்தி. இந்தப் படிகளில் கலத்தின் சக்தி மூலக்கூறான ஏ.ரீ.பி. செலவாகிறது, பட்டினி கிடக்கும் கலத்தில் திருத்தம் மந்தமாகும்.

எல்லா இடங்களுக்கும் ஒரே முறை வருவதில்லை. ஒரு பரம்பரையலகிலிருந்து ஆர்.என்.ஏ. எழுதிக்கொண்டு போகும் பொலிமரேசு இருபகுதியத்தில் முட்டி நின்றால், எம்எஃப்டி என்னும் புரதம் அதைத் தள்ளி அகற்றி, யூவீஆர்-ஏயை அந்த இடத்துக்கே அழைத்து வரும். இதனால் பயன்பாட்டிலிருக்கும் பரம்பரையலகுகளில், வாசிக்கப்படும் இழை முதலில் திருத்தப்படுகிறது. பிரதி எடுக்க முன்னரே கலத்துக்குப் புரதம் வேண்டும் என்பதால் இந்த முன்னுரிமை பொருத்தமானதுதான். போட்டோலயேசிலும் இந்த வெட்டித் திருத்தலிலும் செய்த ஆய்வுக்காக அசீஸ் சஞ்சார் 2015 இல் வேதியியல் நொபெல் பரிசை லின்டால், மொட்ரிச் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

தாங்க முடியாத அளவு வந்தால்

திருத்தம் முடியுமுன் பிரதி எடுப்பு ஓடிவந்துவிட்டால், பொலிமரேசு இருபகுதியத்தில் நின்று, சற்று அப்பால் மறுபடி தொடங்கும். நடுவில் ஓரிழை வெற்றிடம் மிஞ்சும். அந்த வெற்றிடத்தில், முன்னே சொன்ன மீளிணைக்கும் நொதியமான ரெக்-ஏ புரதம் வரிசையாக ஏறி ஒரு சரமாகும். அந்தச் சரம் இரண்டு வேலை செய்கிறது. முதலாவது, இரட்டித்த மற்ற டீ.என்.ஏ.யிலிருந்து நல்ல இழையை இழுத்து வந்து வெற்றிடத்தை மூடுவது. இருபகுதியம் அப்படியே இருக்கும். ஓட்டை மட்டும் அடைபடும். பழுதை வெட்டி எடுக்க அவகாசம் கிடைக்கிறது, அவ்வளவே.

இரண்டாவது வேலை எச்சரிக்கை. வழமையில் லெக்ஸ்-ஏ என்னும் புரதம் நாற்பதுக்கு மேற்பட்ட பரம்பரையலகுகளை அடக்கி வைத்திருக்கிறது. ரெக்-ஏ சரத்தோடு சேர்ந்ததும் லெக்ஸ்-ஏ தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும்; அடக்கம் நீங்கும். இதற்கு எஸ்.ஓ.எஸ். விளைவு என்று பெயர். ஈவ்லின் விட்கினின் அவதானிப்புகளும் மிரோஸ்லாவ் ராட்மான் 1970களில் முன்வைத்த கருதுகோளும் இதற்கு அடித்தளம்.

அடக்கம் நீங்கும் ஒழுங்கில் ஒரு சிக்கனம் தெரிகிறது. யூவீஆர்-ஏ, யூவீஆர்-பி ஆகியவை சில நிமிடங்களிலேயே கூடத் தொடங்கும். கலத்துக்கு சுமார் 25 ஆக இருந்த யூவீஆர்-ஏ மூலக்கூறுகள் 250 அளவுக்கு ஏறும். சுல்-ஏ புரதம் கலப்பிரிவு வளையத்தைத் தடுத்து நிறுத்த, கலம் பிரியாமல் நூலாக நீளும். நுணுக்குக்காட்டியில் ஈ.கோலை நூல்நூலாகத் தெரிந்தால் அது செத்துக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். திருத்தம் முடியும்வரை பிரிவை நிறுத்தி வைத்திருக்கிறது. முடிந்ததும் லோன் என்னும் நொதியம் சுல்-ஏயைச் சிதைக்கும், பிரிவு தொடங்கும். ஈ.கோலை பி வகையில் லோன் இல்லை. அதனால் அது குறைந்த அளவிலேயே நூலாகி, திரும்ப முடியாமல் மடிகிறது. இரண்டு ஆய்வுகூடங்களின் முடிவுகள் ஒத்துவராதபோது முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எந்த வகை ஈ.கோலை என்பதுதான்.

கடைசியாக, அரைமணி நேரத்துக்கும் மேலாகியும் சேதம் தீராவிட்டால் மட்டுமே பொலிமரேசு 5 முழுமையாகும். அது இருபகுதியத்தின் எதிரே ஏதோ ஓர் எழுத்தைப் போட்டுத் தாண்டிவிடும். போடுவது தவறாகவும் இருக்கலாம். கழியூதாவால் உண்டாகும் விகாரங்களில் பெரும்பகுதி ஒளி நேரடியாக எழுதியதல்ல, இந்த நொதியம் எழுதியது. இதை இழந்த ஈ.கோலைக்குக் கழியூதா காட்டினால் கலங்கள் சற்று அதிகமாகச் சாகும். விகாரமோ கிட்டத்தட்ட உண்டாவதேயில்லை. சிப்ரோபுளொக்சசின் போன்ற நுண்ணுயிர்கொல்லிகளும் இதே எச்சரிக்கையைத் தூண்டுபவை என்பதால், இது தண்ணீர்க் குழலோடு முடிந்துபோகும் விசயமல்ல.

தட்டில் பார்க்கும் முறை

பாடசாலையிலோ வளாகத்திலோ இதைக் காட்ட விரும்புவோர் தீங்கற்ற கே-12 வகையைப் பயன்படுத்தலாம். இரவு முழுக்க வளர்த்ததை மையவிலக்கி, 0.85 வீத உப்புக் கரைசலில் கழுவ வேண்டும். கழுவாமல் விட்டால் போசணைக் கரைசலே கழியூதாவை உறிஞ்சிவிடும். பத்துப் பத்தாக ஐதாக்கி, கலங்கல் தெரியாத நிலைக்குக் கொண்டு வந்து, ஏகார்த் தட்டில் பரப்பி உலர விட வேண்டும். கலங்கல் இருந்தால் மேலுள்ள கலங்கள் கீழுள்ளவற்றுக்கு நிழல் கொடுக்கும்.

மூடியைத் திறந்துதான் விளக்குக் காட்ட வேண்டும். பிளாஸ்ரிக் மூடியும் சாதாரணக் கண்ணாடியும் 254 நனோமீற்றரை விடா. எந்த மாற்றமும் தெரியாமல் போகும் செய்முறைகளில் பலவற்றுக்கு இந்த மூடிதான் காரணம். அளவு என்பது செறிவும் நேரமும் பெருக்கியது: சதுர மீற்றருக்கு 1 உவாற்று விழும் இடத்தில் 50 செக்கன் என்றால் 50 யூல். அறையில் சிவப்பு அல்லது மஞ்சள் விளக்கு மட்டும் எரிய வேண்டும், யன்னல் மூடியிருக்க வேண்டும். பிறகு பாதித் தட்டுகளை உடனே அலுமினியத் தாளில் சுற்றி, மீதியைச் சாதாரண வெள்ளைக் குழல் விளக்கின் கீழ் ஒரு மணி நேரம் வைத்து, எல்லாவற்றையும் 37 பாகை செல்சியசில் இருட்டில் வளர்க்க வேண்டும். வெளிச்சம் கண்ட தட்டில் குடித்தொகுதிகள் பல மடங்கு கூடியிருக்கும். வெளிச்சத்துக்கு வெயிலில் வைக்கக் கூடாது. நம் ஊர் வெயிலில் ஏகார் சூடாகி, வெப்பம் செய்த சேதமும் கணக்கில் கலந்துவிடும். முகக் கவசமும் நீண்ட கையும் கையுறையும் இல்லாமல் இந்த விளக்கின் அருகே நிற்க வேண்டாம். கண் எரிவு சில மணி நேரம் கழித்துத்தான் தெரியவரும்.

குடிநீர்க் குழலுக்குத் திரும்பினால்

வீட்டுக் குழல்களின் உயர்தர வகுப்புக்குக் கேட்கப்படும் அளவு சதுர சென்ரிமீற்றருக்கு 40 மில்லியூல், அதாவது சதுர மீற்றருக்கு 400 யூல். ஈ.கோலையில் கணக்குப்படி 20,000 க்கு மேற்பட்ட இருபகுதியங்கள். ஈ.கோலையை அடக்க மட்டுமென்றால் இதில் சிறு பங்கு போதும். மிச்சம் முழுவதும் திருத்தத்துக்கு எதிரான முற்காப்பு. விருந்துவழங்கிக் கலத்தின் திருத்தும் நொதியங்களைக் கடன் வாங்கும் அடினோ வைரசுக்கு இதுவும் போதாது.

இந்த 400 யூல் தண்ணீருக்கு உண்மையில் போய்ச் சேருகிறதா என்பதில்தான் நம் பக்கத்தில் பிழை விடுகிறது. கிணற்று நீரின் வன்மை குவாட்சு உறையில் வெள்ளைப் படிவாகும். லீற்றருக்கு 120 மில்லிகிராமுக்கு மேல் வன்மையோ 0.3 மில்லிகிராமுக்கு மேல் இரும்போ இருந்தால் படிவு விரைவில் வரும். உறையை எலுமிச்சை அமிலக் கரைசலில் துடைத்து, வெறும் விரல் படாமல் பூட்ட வேண்டும். வாடைக் காலத்து மழையோடு வரும் கலங்கல் நீரில் துகளுக்குப் பின்னால் கலங்கள் ஒளிந்துகொள்ளும்; முன்னே 5 மைக்ரோன் வடி இல்லாத குழல் அப்போது பெயருக்குத்தான். குழாயை இரண்டு மடங்கு திறந்தால் அளவு பாதியாகும். சுமார் 9,000 மணி நேரம், ஏறத்தாழ ஓர் ஆண்டு எரிந்த விளக்கு நீலமாகவே தெரியும். ஆனால் 254 நனோமீற்றர் ஒளி வீழ்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் அந்த நீலம் இரசத்தின் 405, 436 நனோமீற்றர்க் கோடுகள். போட்டோலயேசுக்குப் பிடித்தமான நிறமும் அதுதான்.

அரைகுறை அளவு பெற்ற தண்ணீரை ஒளி ஊடுருவும் போத்தலில் பிடித்து முற்றத்திலோ கடை வாசலிலோ வைப்பது, கெல்னரின் பரிசோதனையைக் குடிநீரில் திரும்பச் செய்வதுதான். இருட்டில் வைத்தாலும் வெட்டித் திருத்தல் நடக்கும், ஆனால் குறைவாக. கழியூதா எதையும் தண்ணீரில் மிச்சம் விட்டுப்போவதில்லை; ஆகவே சேமிப்பதென்றால் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் எஞ்சும்படி குளோரீன் வேண்டும். இல்லையேல் பிடித்த அன்றே குடித்து முடிக்க வேண்டும்.

பெட் போத்தலில் தண்ணீரை ஆறு மணி நேரம் வெயிலில் கிடத்திச் சுத்திகரிக்கும் முறையை இதோடு குழப்பக் கூடாது. அந்தப் போத்தல் குறுகிய அலைநீளங்களை மறித்துவிடும். உள்ளே போகும் 315 முதல் 400 நனோமீற்றர் வரையான ஒளி, ஒட்சிசனின் வழியாகப் புரதங்களையும் மென்சவ்வையும் தாக்குகிறது. தண்ணீர் 50 பாகையைத் தொட்டால் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. மென்சவ்வு கெட்ட கலத்துக்குப் போட்டோலயேசு இருந்தும் பயனில்லை. முகில் மூடிய வாடை நாட்களில் இரண்டு நாள் கிடத்த வேண்டும்.

குழலைச் சோதிக்க மாதிரி எடுப்பவர்கள் கிருமிநீக்கிய போத்தலை உடனே கறுப்புத் தாளில் சுற்றிப் பனிக்கட்டியில் வைத்து, ஆறு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் கொடுப்பது வழக்கம். அந்த எண்ணிக்கை காட்டுவது இருட்டில் மிஞ்சியதை மட்டும். வீட்டில் நடப்பதை அறிய, அதே நேரத்தில் இரண்டாம் போத்தல் ஒன்றையும் பிடித்து, நிழலான வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் வைத்த பின் எண்ணுவிக்க வேண்டும். இரண்டாவதில் ஈ.கோலை தோன்றி முதலாவதில் தோன்றாவிட்டால், விளக்கு எரிந்திருக்கிறது, அளவு போதவில்லை. உறை, ஓட்டம், விளக்கின் வயது என்ற ஒழுங்கில் பார்த்துக்கொண்டு போகலாம்.